கடைமடைக் கை

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்தான், விஷயம் நேர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வலது கை ஓடிய காலத்திலேயே என் எழுத்தைப் படிக்க ஆள் தேட வேண்டும். ஆனாலும் எழுதுகிறேன். பக்கவாதம் வந்தவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவனைத்தான் பேச விடுவதில்லை. அந்த வேலை என்னிடம் நடக்காது.

திருவாரூருக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை ஊர் எங்களுடையது. எங்களுக்கு முன்னாலேயே தண்ணீர் பாய்கிற திருவிடைமருதூர்ப் பக்கம் நாற்று பச்சை கட்டிய பிறகும் எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு வழியாகத் தண்ணீர் வந்தாலும் சும்மா வராது. கோடை முழுக்கக் கிடந்த சருகு, வைக்கோல், பிளாஸ்டிக் பை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆகாயத்தாமரை, அத்தனையையும் தள்ளிக்கொண்டு வரும். பெரிய வாய்க்காலில் அது மிதந்து போய்விடும். வயலுக்குப் பிரிகிற சின்னக் குழாயின் வாயில்தான் வந்து அடைத்துக்கொள்ளும். அதனால் புதுத் தண்ணீருக்கு முன்னால் ஓர் ஆள் கழியோடு நடக்க வேண்டும்.

எங்கள் ஊரில் அந்த ஆள் நான். மீசை முளைக்காத வயதிலேயே நான்தான். குழாய்க்குள் தோள் வரை கையை நுழைத்து, ஆகாயத்தாமரையின் வேரைச் சுற்றிப் பிடித்து ஓர் இழுப்பு. அடைப்பு விட்டதும் தண்ணீர் மூஞ்சியில் அறையும். அப்படி இழுத்து வாங்கிய கூலியில்தான் முதலில் குத்தகைக்கு நிலம் பிடித்தேன். பிறகு சொந்த நிலம், செயின் வைத்த அறுவடை வண்டி, மாடி வீடு. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. எல்லாம் இந்த வலது கை இழுத்தது. அந்தக் கைதான் இந்தச் சித்திரையில் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் படுத்துக்கொண்டது.

உளுந்து எடுத்து முடித்த சமயம். வயலில் அறுப்பில் மிஞ்சி நின்ற பழைய நெல் தாள் ஒன்று உள்ளங்காலில் ஏறியது. சீழ் வைத்து, கால் பலாக்காய் மாதிரி உப்பியது. காய்ச்சலும் அடித்தது. மனைவி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி நச்சரித்தாள். காய்ச்சலோடு நாற்றுக்கட்டு தூக்கியவன் நான், ஒரு தாளுக்காக ஊசி போடுவேனா? மஞ்சளும் வேப்பெண்ணெயும் சுடவைத்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குக் கிரீஸ் அடிக்கப் போனேன்.

பிறகு ஒரு காலை. வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, டீ கொட்டுது பாருங்க. ஏங்க!"

டம்ளர் கையில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தரையில் உருண்டுகொண்டிருந்தது. 'கொட்டினா துடைச்சுக்க' என்று சொல்லப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது பேச்சே இல்லை, கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் தேய்க்கிறேன், கஷாயம் வைக்கிறேன் என்று ஒரு நிமிஷத்தைக்கூட அவள் வீணாக்கவில்லை. மகனைக் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே வந்துவிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து வண்டித் தொழிலைப் பார்த்துக்கொள்கிற பையன். காரில் தூக்கிப் போட்டு, ஒரே மிதியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். கரைப்பதற்கு ஊசி போட்டார்கள். மறுநாள் பேச்சு திரும்பியது. அதில் என் வீட்டாருக்கு முழு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கால் இழுத்து இழுத்து வந்தது. கை மட்டும் வரவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நான் விடவில்லை.

"அடைப்பு கரைஞ்சிடுச்சுன்னீங்களே, அப்புறம் கை ஏன் வரலை?"

"கரைஞ்சிடுச்சு ஐயா. பெரிய குழாய் திறந்திடுச்சு. படத்துல தெரியுது பாருங்க."

"படத்துல தெரியும். கையில தெரியலையே. மதகைத் திறந்துட்டோம்னு ஆபீசுல உக்காந்துக்கிட்டுச் சொல்றவங்கள எனக்குத் தெரியும். எங்க வயல்ல வந்து காலை வச்சுப் பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க."

"ஏங்க, அவரு டாக்டருங்க. பாசன ஆபீசரு இல்ல" என்றாள் மனைவி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கேக்கறது சரியான கேள்விங்க. ரத்தத்துல சிவப்பணு, வெள்ளணுன்னு ரெண்டு இருக்கு. சிவப்பு வளைஞ்சு குடுத்து வழுக்கிக்கிட்டுப் போயிடும். வெள்ளை உருவத்துல பெருசு. முடியை விட மெல்லிசான குழாய்ல அது உடம்பைக் குறுக்கி, நெளிஞ்சு நுழைஞ்சுதான் போகணும். சாதாரண நாள்ல போயிடும். எங்கயாவது புண்ணு, சீழுன்னு வந்துட்டா அதுக்கு வேகம் வந்திடும். விறைச்சுக்கும். நெளியாது. குழாய்ச் சுவத்துல ஒட்டும். மூளையில அடைப்பு வந்த இடத்துக்கும் கூட்டமா ஓடி வரும். அப்போ பெரிய குழாயைத் திறந்துவிட்டாலும், சின்னக் குழாய்ங்க உள்ள இதுங்க மாட்டிக்கிட்டு நின்னுடும். பின்னால வர்ற ரத்தம் எப்படிப் போவும்?"

நான் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஆகாயத்தாமரை!" என்றேன். "பெரிய வாய்க்கால்ல தண்ணி ஓடுது, வயல் காஞ்சு கெடக்குது. குழாயில தாமரை. இதைத்தானே வாழ்நாள் பூரா நான் புடுங்கினேன்!"

"ஏறக்குறைய அப்படித்தான். ஆனா உங்களுக்கு இதனாலதான் கை வரலைன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. சிலருக்கு இப்படி நடக்குது. உங்க ரத்தத்துல வெள்ளணு நிறைய ஏறியிருந்துச்சு. அந்தக் காலைப் பாத்தப்பவே நெனச்சேன்."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்த வெள்ளைப் பயலுவள மொத்தமா வழிச்சு வெளிய எறிய ஒரு ஊசி போடுங்க."

"எறிஞ்சா அந்தக் கால் புண்ணே உங்களை முடிச்சிடும். அது குப்பை இல்லைங்க. ஆத்துல உடைப்பு எடுத்தா ஊரே மணல் மூட்டையோட ஓடும்ல, அந்த ஆளுங்க அவங்க. ஓடறது சரிதான். அத்தனை பேரும் மூட்டையோட ஒரே மூங்கில் பாலத்துல ஏறினா என்ன ஆவும்? அதுங்களைத் தடுக்க மருந்து குடுத்தும் பாத்திருக்காங்க. இதுவரைக்கும் கைகொடுக்கலை."

என் வாயை அடைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒரு விரல் இந்த டாக்டருக்கு. ஆனால் வாய்தான் அடைத்தது, மனசு அடங்கவில்லை. என்னைக் காப்பாற்ற ஓடி வந்தவன்களே என் வழியில் நிற்கிறான்கள் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சண்டைக்கு ஆள் மறுநாளே வந்தார். எங்கள் வயலுக்கு மேல்வயல்காரர். வாய்க்காலில் எனக்கு முன்னால் அவருக்குத்தான் குழாய். அவரோடு நான் தண்ணீருக்காக மல்லுக்கு நிற்காத வருஷம் கிடையாது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் செத்த கையை எடுத்துத் தடவிக் கொடுத்தார்.

"அண்ணே, உழைச்சதெல்லாம் போதும்ணே. இனிமே கரையில நீங்க நடக்க வேணாம். நெலத்தை நான் பாத்துக்கறேன். குத்தகை என்னவோ அதைத் தம்பிகிட்ட குடுத்துடறேன்."

நான் மகனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு மகன் வாயைத் திறந்தான். "அப்பா, எனக்கு வண்டியோட ஓடவே நேரம் பத்தலை. சேத்துல யாரு நிக்கறது? உங்களால முடியாதுப்பா."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பாவுக்கு நாற்றங்காலில் விதை விடும்போது, நிலத்துக்கு உரியவர் கிழக்கே பார்த்து நின்று வலது கையால் முதல் கை விதையை எறிய வேண்டும். அவர் எறிந்தால் அந்த வருஷ வெள்ளாமை அவருடையது. இடது கைப் பேச்சுக்கே இடமில்லை.

"ஆவணியில தண்ணி நம்ம குழாய்க்கு வர்ற அன்னிக்கு இந்தக் கையால நான் விதை எறியறேன்" என்றேன். "எறிஞ்சா நெலத்தைப் பத்தி ஒருத்தரும் பேசக் கூடாது. எறியலைன்னா அவர்கிட்டயே குடுத்துத் தொலை. நான் கேக்க மாட்டேன்."

"இந்தக் கையாலயா?"

"இந்தக் கையாலதான்."

மகன் அம்மாவைப் பார்த்தான். அவள், "எனக்கென்ன தெரியும்? சாட்சிக்கு வேணா நிக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது என் மூளை வேலை செய்தது. தலைமடையில் மட்டம் உயர்ந்தால்தான் கடைமடைக் குழாயில் தண்ணீர் ஏறும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் எனக்கு என்ன கொடுத்திருந்தார்? ரத்த அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை! மட்டத்தைக் குறைத்தால் கைக்கு எப்படி வந்து சேரும்? சின்னக் குழாயில் நிற்கிற வெள்ளையனைத் தள்ள வேகம் வேண்டாமா? ஆகவே மற்ற மாத்திரைகளை விழுங்கினேன். அந்த ஒன்றை மட்டும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, கொல்லைப்பக்கம் போய்க் கறிவேப்பிலை மரத்தடியில் துப்பினேன். கடைமடைக்காரன் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வராது. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கை அசையவில்லை. தலை மட்டும் நெல் அவிக்கிற அண்டா மாதிரிக் கொதித்தது. பிடரி விண் விண் என்று தெறித்தது. மனைவி கறிவேப்பிலை பறிக்கப் போனவள், மண்ணில் பாதி கரைந்த மாத்திரைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டினாள்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஆனாலும் என் யோசனையைக் கடைசி வரை கேட்டார்.

"மட்டம் ஏறினா குழாய்ல தண்ணி ஏறும். சரிங்க. கரை என்ன ஆவும்?"

நான் பிடரியைத் தடவிக்கொண்டேன்.

"உங்க கரைக்கு என்ன வயசு?"

"என் கரை உடையாது" என்றேன்.

"ஐயோ, தலையெழுத்து" என்று மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மூளையில கரை உடைஞ்சா மணல் மூட்டை போட நான் ஓடி வர முடியாதுங்க" என்றார் டாக்டர். சிரிக்காமல் சொன்னார். "அடைச்ச இடத்தைத் திறந்துவிடற கட்டம் தாண்டிடுச்சு. தண்ணி இல்லாம காஞ்சது காஞ்சதுதான். இனிமே பக்கத்துல உயிரோட இருக்கிற இடம் அந்த வேலையைக் கத்துக்கணும். அதுக்குப் பயிற்சிதான் மருந்து. உங்களுக்குப் பிடிவாதம் இருக்கில்ல, அதை அங்க காட்டுங்க."

அன்றிலிருந்து மாத்திரை போட்டதும் மனைவி எதிரில் நிற்பாள். "நாக்கைத் தூக்குங்க. ம், அந்தப் பக்கம்." பிள்ளைக்குப் பார்ப்பது மாதிரி.

பயிற்சி கொடுக்கத் திருவாரூரிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வருவாள். வந்த முதல் நாளே, "தாத்தா, கையைக் குடுங்க" என்றாள்.

"தாத்தா கீத்தான்னா கையும் கிடையாது, காலும் கிடையாது."

"சரி சார். கையைக் குடுங்க சார்."

கல்நெஞ்சக்காரி. வேர்க்கடலையைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வாள். நான் கடலை வேண்டாம், விதைநெல் கொண்டு வா என்றேன். நெல்லுக்குள் கையைப் புதைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். என் உத்தரவு தோளில் கிளம்பும், முழங்கையில் தங்கும், மணிக்கட்டுக்குள் நுழையாது. திட்டுவேன். அந்தக் கையை நான் திட்டிய திட்டை மேல்வயல்காரரைக்கூடத் திட்டியதில்லை. ஆடி பிறக்கிற சமயம் சுண்டுவிரல் ஒரு நெல்லைத் தள்ளியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்க்கும்போது தள்ளவில்லை. அவள் போனதும் தள்ளியது.

பிறகு கை மூடத் தொடங்கியது. மூடினால் இரும்பு. பயிற்சிப் பெண்ணின் விரலை ஒரு தடவை பிடித்தேன், "சார், விடுங்க, விடுங்க" என்று கத்திவிட்டாள்.

"எப்படி? பலம் வந்திடுச்சு பாத்தியா!"

"பலம் வந்திருக்கு. இப்ப விடுங்க பாப்போம்."

விட முடியவில்லை. மறு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவளை மீட்டோம்.

"பிடிக்கறது சீக்கிரம் வந்திடும் சார். விடறதுதான் லேட்டா வரும். சிலருக்கு முழுசா வராது. மணிக்கட்டைக் கீழ மடக்கிப் பாருங்க, விரல் கொஞ்சம் தளரும்."

எறிவது என்றால் என்ன? விடுவதுதானே. இது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் தண்ணீர் வந்தது, வழக்கம்போல எல்லோருக்கும் கடைசியாக. தண்ணீருக்கு முன்னால் கழியோடு மகன் நடந்தான். ஏதோ கடைத்தெருவில் நடக்கிற மாதிரி நடந்தான். நான் கரையில் ஊன்றுகோலோடு நின்று, "வேர்ல பிடிடா, இலையில பிடிக்காத!" என்று கத்தினேன். எங்கள் குழாயில் சுத்தமாக எடுத்துவிட்டான். என் கத்தலுக்குப் பயந்து எடுத்தான் என்றாலும் எடுத்தான். மேல்வயல்காரர் தன் குழாயைப் பார்க்க ஆள் வைக்கவில்லை. என் நாற்றங்காலை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

சேறு குழைத்து, மட்டம் தட்டி, மேலே விரல் கனத்துக்குத் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். சாக்கில் விதை வெள்ளையாக முளை விட்டிருந்தது. செருப்பைக் கழற்றினேன்.

"காலைப் பாத்து வைங்க" என்றாள் மனைவி. புண் ஆறிய இடத்தில் பழைய சாக்ஸை மாட்டி, மேலே பிளாஸ்டிக் பையும் கட்டிவிட்டிருந்தாள். அந்தக் கோலத்தில் நான் சேற்றில் இறங்கினேன். மகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இடது கையால் விதையை அள்ளி வலது கையில் வைத்தேன். கை மூடியது. முளையின் சூடு உள்ளங்கையில் தெரிந்தது. சித்திரைக்குப் பிறகு அந்தக் கையில் எனக்குத் தெரிந்த முதல் சூடு அது. ஒரு நொடி, எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

கிழக்கே பார்த்துத் தோளைத் தூக்கி வீசினேன். கை போனது. விதை போகவில்லை. மூடின கை மூடினபடி என் முன்னால் நின்றது, யாரையோ குத்தப் போகிற மாதிரி.

மறுபடி வீசினேன். மறுபடி குத்து.

"அண்ணே, போதும்ணே" என்றார் மேல்வயல்காரர் கரையிலிருந்து. "மனசால எறிஞ்சாச்சு. அதுவே போதும்."

"மனசால எறிஞ்சா மனசுலதான்யா மொளைக்கும்!"

"அப்பா..." என்றான் மகன். அவன் குரலில் பந்தயம் இல்லை. அழுகிற குரல். அதுதான் எனக்கு ஆகவில்லை.

வீசுவதை விட்டேன். கையைத் தண்ணீருக்கு மேலே தாழ்த்தினேன். மணிக்கட்டைக் கீழே மடக்கினேன். ஒன்றுமில்லை. இன்னும் மடக்கினேன். பெருவிரல் இடுக்கில் ஒரு நெல் நழுவியது. பிறகு இரண்டு. பிறகு விரல்கள், பழைய கதவு மாதிரி, ஒரு பக்கமாகத் தளர்ந்தன. கைக்குள் இருந்த அத்தனையும் ஒரே இடத்தில் பொத்தென்று விழுந்தது.

"எறிஞ்சாச்சு" என்றேன்.

மேல்வயல்காரர் விடவில்லை. "இது கொட்டினதுல்ல அண்ணே? எறியறதுன்னா பரவணும்ல. தம்பி, நீயே சொல்லு."

தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். சாட்சிக்கு நிற்கிறேன் என்றவள் அவள்தானே. அவள் கரையிலிருந்து ஓர் அடி முன்னே வந்தாள்.

"வெதை கையை விட்டுச் சேத்துல விழுந்துச்சா இல்லையா? விழுந்திடுச்சு. பரவறது பரவாதது எங்க வீட்டு நாத்தங்கால். நீங்க போயி உங்க குழாயைப் பாருங்க. ஆகாயத்தாமரை அடைச்சு ரோட்டுல தண்ணி ஏறுது."

அவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மகன் மிச்ச விதையைக் கூடையில் அள்ளி நாற்றங்கால் முழுக்க எறிந்தான். நன்றாகவே எறிந்தான். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

நான் கொட்டின இடத்தில் நாற்று கொத்தாக, குடுமி மாதிரி எழும்பியது. நெருக்கத்தில் வெளிறி, மெலிந்துதான் இருந்தது. கலைத்துவிடலாமா என்று கேட்டவர்களை அண்டவிடவில்லை. பறிக்கிற அன்று வரப்பில் உட்கார்ந்து, அந்தக் குடுமியை நானே வலது கையால் பிடித்து இழுத்தேன். இழுக்க அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இழுத்ததை விடத்தான் மாட்டேன் என்றது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து நாற்றை வாங்கிக்கொண்டாள்.

நடவு முடிந்துவிட்டது. விதைநெல்லுக்குள் கை இன்னும் தினமும் போகிறது. இப்போது மணிக்கட்டை மடக்காமலே இரண்டு விரல் விரிகிறது. அடுத்த ஆவணியில் பரவலாக எறிவேன். மேல்வயல்காரரை அதே கரையில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். வருவதற்கு முன்னால் தன் குழாயைச் சுத்தம் பண்ணிவிட்டு வரச் சொன்னேன்.